சளியைக் கொண்டுவந்த ஆள்

என் மகளுக்கு ஏழாவது மாதத்தில் முதல் சளி பிடித்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். பழியை வாங்கிக்கொண்டவர் என் நாத்தனார். சொல்லிக்கொள்ளப் பெருமையான விஷயம் இல்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறவள். என் முகத்துக்கு நேரே இருமுகிறவர்களின் கையைப் பிடித்து நரம்பு தேடுவதுதான் நாள் முழுக்க வேலை. அதனால் கிருமி விஷயத்தில் நான் கொஞ்சம் ஓவர் என்று வீட்டில் பேச்சு உண்டு. மகள் பிறந்ததும் வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: கை கழுவாமல் தூக்கக் கூடாது, முத்தம் கூடாது, சளி உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் கிட்டவே வரக் கூடாது. என் கணவர் பேருந்து ஓட்டுகிறவர். அதைப் படித்துவிட்டு, "டிக்கெட் எடுத்தாதான் உள்ள விடுவியா?" என்றார்.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய அக்கா. தனி ஆள், இரண்டு தெரு தள்ளி வீடு. தையல் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு வந்து நிற்பார். குழந்தைக்கு உருண்டை என்று பட்டம் சூட்டியவரும் அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை எனக்குத் தொண்டை கரகரத்தது. மறுநாள் மூக்கு ஒழுகியது. வீட்டுக்கு வந்ததும் என் சட்டப்படி முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் அவளைத் தூக்கினேன். அவள் என்னையே உற்றுப் பார்த்தாள், சிரிக்கவில்லை. நான் வருவது ஆறரைக்கு, அவள் தூங்குவது எட்டுக்கு. இருக்கிற ஒன்றரை மணி நேரத்திலும் அவள் என்னை யாரோ போலப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டேன். மூக்கு ஏன் ஒழுகுகிறது என்று கணவர் கேட்டதற்குத் தூசி அலர்ஜி என்று சமாளித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குழந்தைக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. இரண்டு வாய் பால் குடிப்பாள், மூச்சு விட முடியாமல் வாயை எடுத்துவிட்டு அழுவாள். பசி வேறு. சரியாக அப்போதுதான் நாத்தனார் உள்ளே வந்தார்.

"அச்சச்சோ, மூக்கு அடைச்சிருக்கே," என்றார்.

"நேத்து நீங்க தும்மினீங்கல்ல அண்ணி?"

துணியை உதறும்போது வந்த ஒற்றைத் தும்மல் அது. எனக்கும் தெரியும்.

"ஒரே ஒரு தும்மல்தாம்மா."

"ஒண்ணு போதும். கொஞ்ச நாள் வராம இருங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இறக்கி வைத்த பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு நொடியில் என் மேலிருந்த பாரம் இறங்கியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

டாக்டர் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு மருந்து வேண்டாம் என்றார். உப்புநீர்ச் சொட்டு, மூக்குச் சளியை இழுக்கும் உறிஞ்சி, அடிக்கடி பால். மூச்சு வாங்கினாலோ பால் குடிப்பது குறைந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். "வீட்ல யாருக்காவது சளியா?" என்று கேட்டார்.

"எங்க அக்காவுக்கு," என்றார் கணவர்.

நான் குனிந்து குழந்தையின் காலுறையைச் சரிசெய்தேன்.

லீவு போட்டேன். மூக்கில் இரண்டு சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்து, உறிஞ்சியின் குமிழை வெளியிலேயே அமுக்கிப் பிடித்து, பிறகு மூக்கில் வைத்து மெல்ல விடவேண்டும். எத்தனையோ பேருக்கு ஊசி குத்திய எனக்கு இது முதல் தடவையில் வரவில்லை. அவள் தலையை ஆட்டி ஊரைக் கூட்டினாள். முடிந்ததும் பத்து நிமிடம் நிம்மதியாகக் குடிப்பாள். அடுத்த பாலுக்கு மறுபடி முதலிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை மூச்சு சீரானது, சிரிப்பும் வந்துவிட்டது. மறுநாள் வேலைக்குப் போகவேண்டுமே என்றுதான் நாத்தனாருக்கு ஃபோன் செய்தேன். மன்னிப்புக் கேட்க அல்ல.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தார். முகக்கவசம் போட்டிருந்தார், கைகளைப் பின்னால் கட்டியிருந்தார், வாசலைத் தாண்டவில்லை.

"இத நேர்ல சொல்லலாம்னுதான் வந்தேன். நான் தூக்கமாட்டேம்மா. டாக்டர்கிட்ட காட்டினேன், உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாரு. இருந்தாலும் பயமா இருக்கு. வேற யாரையாவது வெச்சுக்கோ. மூணு நாளா கண்ண மூடினா இவ மூச்சு விட முடியாம அழுறதுதான் தெரியுது."

உருண்டை அவரைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

ஏதோ பதற்றத்தில் பேசிவிட்டேன் என்று சப்பைக்கட்டு கட்டத் தயாராக இருந்தேன். அதை விட்டுவிட்டேன்.

"அண்ணி, சளி எனக்குத்தான் இருந்துச்சு. இவளுக்கு வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே. தெரிஞ்சேதான் தூக்கினேன். தெரிஞ்சேதான் உங்க மேல பழியப் போட்டேன்."

சீருடையோடு பின்னால் நின்றிருந்த கணவர் சட்டைப் பொத்தான் போடுவதை நிறுத்திவிட்டார். நாத்தனார் என்னைக் கிழித்து எறியப்போகிறார் என்று காத்திருந்தேன். அதற்கு நான் தகுதியானவள்தான்.

"அப்ப நான் இல்லையா?" என்றார்.

"இல்ல அண்ணி."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

செருப்பு அலமாரியின்மேல் அப்படியே உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்துபோய் வெகுநேரம் கை கழுவினார். வந்து உருண்டையை வாங்கிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமலே, "கிளம்பு, நேரமாச்சு," என்றார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கூப்பிட்டார்.

"நிச்சயமா நான் இல்லல்ல?"

"நீங்க இல்ல அண்ணி."

பேருந்து நிறுத்தம்வரை அழுதுகொண்டே போனேன்.