தூணில் ஒட்டிய நிறம்

தலைவர் தூணில் இடிக்கவில்லை. தூண்தான் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. அவருடைய முதல் அறிக்கை அப்படித்தான் இருந்தது. தூண் அவருடையது, வண்டி அவருடையதல்ல. ஆகவே இறங்கியதும் தூணுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறித் தடவிப் பார்த்தார்.

சாலை ஒழுக்கப் பேரவைக்கு அவர் தலைவர். அந்தப் பதவி வந்ததிலிருந்து வீட்டிலும் அதே பெயர்தான், அவர் மனைவியே "தலைவர் குளிச்சாச்சா?" என்று கேட்பாள். கேலியா மரியாதையா என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வண்டி அவருடைய தம்பி மனைவியுடையது. ஒரே வண்டி, கூரைமேல் ஒரு பலகை, பக்கத்து இருக்கையில் அவள் காலுக்குத் தனியாக ஒரு பிரேக். அவ்வளவுதான் அவளது ஓட்டுநர் பள்ளி. ஊருக்கு அவள் டீச்சர். 'டீச்சர்கிட்ட கத்துக்கிட்டா வண்டியில கீறல் விழாது' என்று கற்றுக்கொண்டவர்களே சொல்லித் திரிந்ததுதான் அவளுக்கு விளம்பரம், மூலதனம், சோறு எல்லாம்.

தலைவரின் சொந்த வண்டி பேரவையின் ஆண்டு விழாவுக்காகப் பாலிஷ் போடப் போயிருந்தது. தம்பி வீட்டு ஆணியில் தொங்கிய சாவியை, கேட்பானேன் என்று எடுத்துக்கொண்டார். தம் வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கி எடுக்கும்போது காதில் போன். 'கவனம் சிதறினால் கனவு சிதறும்' என்ற வாசகத்தைப் பேனரில் எந்த அளவில் போடுவது என்று யாருக்கோ கட்டளையிட்டபடியே ஸ்டீயரிங்கை ஒடித்தார். பின்னால் போகும் வண்டியில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் பின்பக்கம் ஒரு திசைக்குத் திரும்பும், மூக்கு எதிர்த்திசைக்கு வெளியே வரும். டீச்சரிடம் ரிவர்ஸ் பாடத்தின் முதல் வரியே அதுதான். தலைவர் பாடம் எடுப்பவர், படிப்பவர் அல்லர். முன்சக்கரத்தை மூடும் ஃபெண்டரும் அதை ஒட்டிய கதவும் அப்பளமாக நொறுங்கின.

டீச்சர் ஓடிவந்தபோது தலைவர் கையில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. தூணில் முழங்கால் உயரத்தில் அவள் வண்டியின் நிறம் ஒரு நீளக் கோடாக ஒட்டியிருந்தது. வெள்ளியில் ஒரு சொட்டுப் பொன் கலந்தது போன்ற, வெயிலில் மினுங்கும் நிறம்.

"என்ன மாமா இது?"

"ஒண்ணுமில்லம்மா, லேசா உரசிருக்கு. நானே சரி பண்ணித் தர்றேன். பேரவைக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நீ இடிச்சதா சொல்லிட்டாப் போச்சு. நீ இடிச்சா அது சம்பவம். நான் இடிச்சா அது செய்தி."

"நான் இடிச்சேன்னு ஆனா எனக்குச் சோறு போச்சு மாமா. கீறல் விழாதுன்னு நம்பித்தானே வர்றாங்க?"

"அதுக்குத்தான் சொல்றேன், யாருக்கும் தெரியாமப் பாத்துக்கலாம். குடும்பம்னா விட்டுக்கொடுக்கணும்."

குடும்பத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார் என்பதை அந்தக் குடும்பம் என்றோ முடிவு செய்துவிட்டிருந்தது. அவளுடைய கணவர் அண்ணனையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார், கடைசியில் வானத்தைப் பார்த்து, "போகட்டும் விடேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று வானத்துக்கே தெரியாது.

தலைவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் வாசலைப் பார்த்தபடி இருந்தது. டீச்சர் தன் ஓரகத்தியிடம், அதாவது தலைவர் மனைவியிடம் போனாள்.

"அக்கா, நீங்க பாத்தீங்கதானே?"

"நான் பாலைப் பாத்துட்டிருந்தேன்மா."

"பொங்கிடுச்சா?"

"எங்க பொங்க? பொங்குறதுக்கு முன்னாடி அடுப்பை அணைச்சே பழகிட்டேன்."

தூணில் ஒட்டியிருந்த கோட்டை அழிக்கத் தலைவருக்குப் பொறுமையில்லை. அதன்மேல் ஆண்டு விழா பேனரை இழுத்துக் கட்டிவிட்டார். பேனரில் அவர் கைகூப்பிச் சிரித்தார். கூப்பிய கைக்கு நேர்பின்னால் கோடு.

பெயிண்டர் ஊரறிந்த ஆள். 'மாஸ்டர்' என்பார்கள். தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுப் பேசுவார். கேட்பவர்களுக்கு ஒரு சொல்கூடத் தவறிவிடக் கூடாது பாருங்கள்.

"என் கண்ணு இருக்கே டீச்சர், இது கண்ணு இல்ல, மிஷின். கதவிடுக்குல கம்பெனி கலர் நம்பர் ஒட்டியிருக்கே, அதைப் பாத்துக் கலந்தா போதும்னு நினைக்கிறான் பாருங்க, அவன் பெயிண்டர் இல்ல, சுண்ணாம்பு அடிக்கிறவன். அந்த நம்பர் வண்டி பொறந்தப்போ எடுத்த போட்டோ. இது வெயில்ல வளர்ந்த வண்டி. பொறந்தப்போ எடுத்த போட்டோவை வச்சு மாப்பிள்ளை பாப்பாங்களா?"

"அப்போ எப்படிச் சேர்ப்பீங்க மாஸ்டர்?"

"கொஞ்சமா கலந்து ஒரு அட்டையில அடிச்சு, காயவச்சு, பழைய கலர் பக்கத்துல வெயில்ல பிடிக்கணும். நேரா நின்னு பாக்கணும், சாய்ஞ்சு பாக்கணும். இந்த மாதிரி மினுங்குற கலர் நேரா ஒரு மூஞ்சி காட்டும், சாய்ஞ்சா வேற மூஞ்சி காட்டும். அப்புறம் புதுக் கதவோட நிறுத்திடக் கூடாது. பக்கத்துல இருக்கிற பின்கதவு மேலயும் பானெட் மேலயும் கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சு போற மாதிரி அடிக்கணும். எங்க முடியுதுன்னே தெரியக் கூடாது. கலரை மேட்ச் பண்றதுன்னா கலரை இல்ல, பாக்கிறவன் கண்ணை மேட்ச் பண்றது."

பேச்சு பெரிதாக இருந்தாலும் வேலை தெரிந்த பேச்சு. டீச்சருக்கு நம்பிக்கை வந்தது. அப்போதுதான் தலைவர் ஷெட்டுக்குள் நுழைந்தார். கறுப்புக் கண்ணாடி, தலையில் தொப்பி, சட்டைப்பையில் பேரவைச் சின்னம். மாறுவேடத்திலும் பதவியைக் கழற்றி வைக்க மனம் வரவில்லை.

அவர் நிபந்தனைகள் இவை: வண்டி வெளிச்சத்துக்கு வரக் கூடாது, ரோட்டில் போகிறவன் பார்ப்பான். புதுக் கதவையும் ஃபெண்டரையும் ஷெட்டின் பின்னறையில் வைத்து அடிக்க வேண்டும். பின்கதவையும் பானெட்டையும் தொடவே கூடாது.

"தொட்ட இடமெல்லாம் சாட்சி ஆயிடும்யா. தொடாத இடம் சாட்சி சொல்லாது."

"தலைவரே, அட்டையை வெயில்ல பாக்காம..."

"சாயங்காலம் வண்டியை மூடி, இழுவை வண்டியில ஏத்தி என் வீட்டு போர்ட்டிகோவுக்குக் கொண்டு வா. அட்டையையும் எடுத்துட்டு வா. நான் பாத்து ஓகே பண்றேன். வெயில் என்ன, என்னைவிடப் பெரிய அதிகாரியா?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். "அப்புறம் ஒரு விஷயம், பேரவைக்கு ஒரு வண்ண ஆலோசகர் தேவைப்படுது" என்றார் தலைவர். மாஸ்டர் வாயை மூடினார். மிஷினுக்குள்ளும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது.

அன்று சாயங்காலம் போர்ட்டிகோவில் மஞ்சள் பல்பு எரிந்தது. மாஸ்டர் அட்டையைப் பழைய பானெட்டின் மேல் வைத்தார். தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், இரண்டடி பின்னால் போனார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பிரமாதம். ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்கு."

அந்த பல்புக்கு அடியில் எல்லாமே பொன்தான். அட்டை, பானெட், தலைவரின் வழுக்கை உட்பட.

"காலையில ஒரு தடவை வெளிய வச்சுப் பாத்துடலாம் மாமா" என்றாள் டீச்சர்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். ஓட்டுநருக்குச் சந்தேகம் ஆகாதும்மா, எழுதி வச்சுக்கோ."

டீச்சர் எழுதிக்கொள்ளவில்லை. மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் பல்பைப் பார்த்தார்.

ஆண்டு விழா ஊர்வலம் ஒவ்வொரு வருஷமும் தலைவர் வீட்டு வாசலிலிருந்துதான் புறப்படும். முன்னால் டீச்சரின் வண்டி, பின்னால் பதாகைகள், எல்லோருக்கும் பின்னால் கடமைக்கு வந்தவர்கள். அன்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது. ஷெட்டிலிருந்து உறை போட்டபடியே இழுவை வண்டியில் வந்து இறங்கிய வண்டி பேனர் கட்டிய தூணுக்கருகே நின்றது. டீச்சரிடம் அப்போது கற்றுக்கொண்டிருந்தவர்கள், அவள் பள்ளியின் நீலத் தொப்பியுடன் முன்வரிசையில் நின்றார்கள். ஒரு வங்கி மேலாளர், இரண்டு கல்லூரிப் பெண்கள், ஓய்வுபெற்ற தபால்காரர்.

தலைவர் மைக்கைத் தட்டினார். "ஒழுக்கத்தின் சின்னமாக, பல்லாண்டுகளாக ஒரு கீறல்கூட விழாத இந்த வாகனம்..." என்று முழங்கி உறையை உருவினார்.

கைதட்டல் ஆரம்பித்தது. பிறகு ஒவ்வொரு கையாக நின்றது.

வண்டி பொன் கலந்த வெள்ளியாக மினுங்கியது. கதவும் ஃபெண்டரும் மட்டும் ஈயம்போல நீலம் பாய்ந்து கிடந்தன. பட்டுச் சட்டையில் சாக்குத்துணியை ஒட்டுப்போட்டால் எப்படி இருக்கும், அப்படி. புதிதாகப் பளபளத்ததால் அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

"தலைவரே, கதவு வேற வண்டியோடதா?" என்று ஒரு குரல்.

"வாங்கும்போதே ரெண்டு கலர்ல வருதா இப்பல்லாம்?" என்று இன்னொன்று.

மாஸ்டர் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் பதுங்கினார். சட்டைப்பையில் புது விசிட்டிங் கார்டுகள்.

தலைவர் ஒரு நொடி தடுமாறினார். பெரிய மனிதர்களுக்கு அந்த ஒரு நொடி போதும். குரலில் கருணையைக் குழைத்தார்.

"நண்பர்களே, மறைக்க விரும்பவில்லை. நம்ம டீச்சர் சின்னதா ஒரு தவறு பண்ணிட்டாங்க. மனுஷப் பிறவிதானே? கை நடுங்கிருச்சு. ஒரு அண்ணன் ஸ்தானத்துல இருந்து, இந்த மேடையிலேயே நான் அவங்களை மன்னிக்கிறேன்."

கூட்டம் உருகியது. வங்கி மேலாளர் நீலத் தொப்பியை மெல்லக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கல்லூரிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் அதைத்தான் பார்த்தாள். இத்தனை வருஷம் பிரேக்கில் கால் வைத்துச் சேர்த்த பேர், ஒரு மன்னிப்பில் கழன்று கக்கத்துக்குப் போய்விட்டது.

"போகட்டும் விடேன்" என்று பின்னாலிருந்து அவள் கணவரின் குரல் கேட்டது.

அவள் மைக்கிடம் போகவில்லை. தூணிடம் போனாள். பேனரின் கயிற்றை இழுத்தாள். முடிச்சு அவிழவில்லை, தலைவர் கட்டிய முடிச்சு, அவர் பேச்சைப் போலவே ஆரம்பமும் முடிவும் தெரியவில்லை.

"என்னம்மா பண்றே? அது நிகழ்ச்சியில இல்ல!" என்றார் தலைவர், மைக்கிலேயே.

வீட்டுக்குள்ளிருந்து ஓரகத்தி வந்தாள். கையில் கத்தரிக்கோல். தலைவர் பக்கம் திரும்பாமல் நேராக வந்து டீச்சர் கையில் அதை வைத்தாள்.

"அக்கா, அடுப்பு?"

"எரிஞ்சிட்டிருக்கு. அணைக்காம வந்துட்டேன்."

கயிறு அறுந்தது. கைகூப்பிச் சிரித்த தலைவர் மடிந்து மடிந்து தரையில் விழுந்தார், துணியாகத்தான். தூணில் முழங்கால் உயரத்தில் அந்தக் கோடு, பொன் கலந்த வெள்ளியாக வெயிலில் மினுங்கியது. கூட்டம் தூணைப் பார்த்தது, வண்டியைப் பார்த்தது, மறுபடி தூணைப் பார்த்தது.

அதற்குமேல் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்து தூணுக்கு முன்னால் மண்டியிட்டார். நேராகப் பார்த்தார், சாய்ந்து பார்த்தார்.

"இதான்யா ஒரிஜினல்! பானெட்டுக்கு அப்படியே மேட்ச்! இந்தத் தூணை முன்னாடியே வெயில்ல காட்டியிருந்தா நான் அச்சு அசலா கலந்திருப்பேனே! போர்ட்டிகோ பல்புல கொண்டுபோய் ஓகே பண்ணிட்டாரே மனுஷன்!"

"டேய்!" என்றது மைக்.

டீச்சர் திரும்பினாள். அவள் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. ஓடும் வண்டியில் கற்றுக்கொடுத்த குரல்.

"இடிச்சது நான் இல்ல. அவர்தான். அவர் வாசல், அவர் தூண், அவர் கையில ஸ்டீயரிங், காதுல போன். செய்யாத தப்புக்கு எனக்கு மன்னிப்பு வேண்டாம், அதை அவரே வச்சுக்கட்டும். ரிவர்ஸ்ல ஒடிச்சா மூக்கு எங்க போகும்?"

"வெளிய வரும் டீச்சர்!" என்றது முன்வரிசை, பழக்கதோஷத்தில். வங்கி மேலாளர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"என்கிட்ட முதல் நாள் வந்தவங்களுக்கே இது தெரியும். மாமா, காலை வகுப்புல ஒரு இடம் காலியா இருக்கு. வர்றதுன்னா போனை வீட்டுல வச்சுட்டு வாங்க."

ஊர்வலம் அன்று புறப்பட்டது. டீச்சரின் வண்டிதான் முன்னால் போனது. தலைவருக்குத் திடீரென்று தலைவலி.

வீட்டில் கணவர் கேட்டார்: "அண்ணன் மூஞ்சியில இனிமே எப்படி முழிக்கிறது?"

"கண்ணைத் திறந்துதான். இதுவரைக்கும் மூடிட்டே முழிச்சாச்சு."

மாஸ்டர் வந்து நின்றார். காசே வேண்டாம், கதவைக் கழற்றி மறுபடி அடித்துத் தருகிறேன் என்றார்.

"வேண்டாம் மாஸ்டர். இப்படியே ஓடட்டும்."

"ஐயோ டீச்சர், ஊர் பூரா சுத்துற வண்டி. பாக்கிறவன் எல்லாம் யாருடா அடிச்சதுன்னு கேப்பான். என் பேர் என்ன ஆகுறது?"

"கூரையில என் பேர்தான் எழுதியிருக்கு. அது சுத்தமா இருக்கு, எனக்கு அது போதும். உங்க பேருக்கு வேணும்னா ஒரு பேனர் கட்டிக்கோங்க."

அடுத்த வாரம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். ஏறும் முன் கதவைத் தடவிப் பார்த்தாள்.

"ஏன் டீச்சர், இது மட்டும் வேற கலர்?"

"ஏறுங்க. பாடமே அதுலதான் ஆரம்பிக்குது."

வழக்கமாக மைதானத்தில் எடுக்கும் ரிவர்ஸ் பாடத்தை டீச்சர் இப்போது தலைவர் வீட்டுத் தெருவிலேயே எடுத்தாள். தெரு அகலம், கூட்டம் குறைவு என்று காரணம் சொன்னாள், உண்மையும்கூட. வண்டி அந்த வாசலுக்கு எதிரே நின்றது. மாடி ஜன்னலில் திரை சட்டென்று மூடியது.

கோடு ஒட்டியிருந்த தூணுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசலின் மறுபக்கத் தூண் பழைய சந்தன நிறம். புதிதாக அடித்த தூண் அதற்குப் பக்கத்தில், நல்ல வெயிலில், பச்சை பாய்ந்து நின்றது.

"அந்த ரெண்டு தூணும் ஏன் டீச்சர் வேற வேற கலர்ல இருக்கு?"

"போர்ட்டிகோ பல்புல பாத்து வாங்கியிருக்காங்க" என்றாள் டீச்சர். "சரி, கிளட்சை மிதிங்க. ரிவர்ஸ் போடுங்க. மூக்கைக் கவனிச்சுக்கோங்க."