பரந்தாமன் வீட்டுக் காற்று

இரண்டாயிரத்துப் பத்தொன்பது, ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்குத் திருமுல்லைவாயிலில் பரந்தாமன் வீட்டுக்குள் மட்டும் காற்று அடிக்கத் தொடங்கியது. தெருவில் காயப்போட்ட துணிகள் அசையாமல் தொங்கின. உள்ளே காலண்டர் தாள் படபடத்தது. பரந்தாமனின் மனைவி அனுசுயா ஜன்னல்களைச் சாத்திப் பார்த்தாள், கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்துப் பார்த்தாள், காற்று நிற்கவில்லை. பொங்கலுக்குள் சாமி விளக்கு எரிந்து நிற்காமல் போயிற்று, அடுத்த ஆடிக்குள் கேஸ் அடுப்பும். அவள் விளக்கைக் கோயிலில் ஏற்றினாள். பக்கத்து வீட்டுத் தாயம்மாள் தன் அடுப்பில் ஒரு பர்னரை அவளுக்கென்று ஒதுக்கிவிட்டு, அதைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை.

பரந்தாமன் சென்னீர்குப்பத்தில், பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம், கார் இன்ஜின் டியூனிங் கடை வைத்திருந்தார். லேப்டாப்பை வண்டியில் செருகி, இன்ஜினின் அளவுகளை மாற்றி, பவர் கூட்டித் தருவது தொழில். வேலைக்கு முன்பும் பின்பும் வண்டியை உருளைகள் மேல் ஏற்றி முடுக்குவார்கள். எத்தனை பிஎச்பி பவர் என்று இயந்திரம் தாளில் அச்சடிக்கும். இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு எவ்வளவு என்று அந்த இயந்திரம் கேட்கும். சூடான காற்றில் இன்ஜின் இளைக்கும் என்பதால் அதற்கு ஈடாகத் தானே கொஞ்சம் சேர்த்துக் காட்டும். முதல் ஓட்டத்துக்குப் பரந்தாமன் உள்ளபடி முப்பத்துநான்கு டிகிரி போடச் சொல்வார். வேலை முடிந்த பிறகு எழுபத்தைந்து போடச் சொல்வார். எண்பத்துநான்கு தரும் வண்டிக்குத் தொண்ணூற்றைந்து என்று தாள் வரும்.

அந்த எண்ணைத் தட்டுபவன் தாயம்மாளின் மகன் ஜேம்ஸ். முதல் எழுபத்தைந்தைத் தட்டியது அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்குத்தான் என்று அவனே ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு அனுசுயாவிடம் சொன்னான். தாளில் பொய்யாகக் கூடியது எவ்வளவோ அவ்வளவும் வீட்டில் காற்றாக வந்து சேர்கிறது என்பதை இருவரும் ஒரு மாதம் ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டார்கள். நூறு சேர்ந்தால் காலண்டர் கிழியும். ஆயிரத்தில் காலி டம்ளர் உருளும். ஐயாயிரத்தில், வீட்டுக்கு வரும் சின்னக் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அனுசுயா கணவரிடம் கேட்டாள். "எல்லாக் கடையிலயும் இதான் போட்றான். நான் மட்டும் உள்ளத போட்டா ஈ ஓட்டிகினு உக்கார வேண்டிதுதான்" என்றார் அவர். காற்று வருவதில் என்ன குறை, கரண்ட் மிச்சம்தானே என்றும் சொன்னார். இடுப்புத் துண்டைக் கட்டில் காலோடு முடிந்துகொண்டு தூங்கப் பழகினார்.

வீட்டில் காற்றடிக்கும் விஷயம் வெளியே தெரிந்தால் கடை படுத்துவிடும், அதோடு ஓயும் என்று அவள் நினைத்திருந்தாள். நடந்தது வேறு. ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பையன்கள் வாசலில் வந்து நின்று, கதவு திறந்ததும் முகத்தில் அறையும் காற்றைப் போனில் படமெடுத்தார்கள். "ஊட்டுக்குள்ளயே இந்த அடி அடிக்குதுன்னா பவர் நெஜந்தான் மாமே" என்று பேசிக்கொண்டார்கள். அந்த வருடமே கடையில் இரண்டாவது உருளை மேடை போட்டார்கள்.

ஆவடி டாக்சி டிரைவர் சம்பந்தம் பரந்தாமன் கடையில் வாங்கிய தன் தாளை லேமினேட் செய்து கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். இரண்டாயிரத்து இருபத்துமூன்று புரட்டாசியில், திருமழிசை தாண்டி, ஒரு கன்டெய்னர் லாரியை முந்தப் போனார். தாளில் இருந்த பவர் வண்டியில் இல்லை. பாதி லாரியைக்கூடத் தாண்டவில்லை, எதிரே பஸ் வந்துவிட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஓட்டத் தெரியாதவன் என்று பரந்தாமன் கடையில் எல்லோரிடமும் சொன்னார்.

அனுசுயா ஆஸ்பத்திரிக்கு ரசஞ்சாதம் எடுத்துக்கொண்டு போனாள். தான் பரந்தாமன் மனைவி என்று சொன்னாள்.

"தொண்ணூத்தஞ்சுன்னு போட்ருந்துச்சுக்கா. அத நம்பித்தான் ஓவர்டேக் எடுத்தேன்" என்றார் சம்பந்தம். "இருவது வர்சமா ஓட்றேன். எங்க தப்பு பண்ணேன்னு அதையே நெனச்சிகினு கீறேன்."

"எம்பத்துநாலுதாம்பா. தாளுதான் பொய்யி. உன் மேல தப்பில்ல."

அவள் பிசைந்து கொடுத்த சோற்றை அவர் வாங்கிச் சாப்பிட்டார். அன்று வீட்டில் காற்று பதினொன்று குறைந்தது.

அப்படித்தான் அவள் வழி கண்டுபிடித்தாள். வேலையை விட முடியாத ஜேம்ஸ், விலாசத்தையும் உண்மையான எண்ணையும் சீட்டில் எழுதித் தாயம்மாளிடம் கொடுத்தனுப்பினான். அனுசுயா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். செயற்கைக் கால் பொருத்திய பிறகு சம்பந்தமும் கூட வந்தார். பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள். போன வாரம் பூந்தமல்லியில் கோகுல்நாத் என்ற பையன், "இன்னாக்கா, ஊட்டுக்காரர்கூட சண்டையா?" என்று கேட்டுச் சிரித்தான். அவன் வண்டியில் பத்தொன்பது பொய் என்று சொன்னாள். அவன் சம்பந்தத்தின் காலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டைச் சாத்தினான். அன்று காற்று பத்தொன்பது குறைந்தது. சாயங்காலத்துக்குள் கடையில் இரண்டு தாள் அச்சாகி, நாற்பது ஏறியது.

திரும்பும் பஸ்ஸில் சம்பந்தம் கேட்டார்: "கொறையவே மாட்டேங்குதே. இன்னாத்துக்குக்கா இந்த அலைச்சலு?"

"காத்து கொறையறதுக்கா போறோம்? அந்தப் பையன் லாரிய ஓவர்டேக் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா யோசிப்பான்ல."

இந்தத் தை மாதம் காற்று எட்டாயிரத்து இருநூறு. மின்சார அலுவலகத்து ஆள் ஒரு கையால் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மீட்டரைக் குறித்துப் போகிறார். அனுசுயா கொண்டையை இறுக்கிப் போட்டு, கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பூட்டிவிட்டு, ஏழு இருபது பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள்.