கடைசிக் காம்பரா

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை வரையச் சொல்லிக்கொடுக்க நாகலெட்சுமிக்கு ஒரு பென்சிலும் ஒரு கட்டைவிரலும் போதும். பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடவைத்து, முழங்கை மடங்காமல் கையை நீட்டிப் பென்சிலை நெட்டுக்குத்தாகப் பிடிக்கச் சொன்னாள். முதல் காம்பராவின் கதவைப் பென்சிலில் அளந்துகொள்ள வேண்டும். நுனியிலிருந்து நகம் வரைக்கும் அதன் உயரம். விரலை நகர்த்தாமல் அப்படியே பத்தாவது காம்பராவுக்குத் திரும்பினால், அந்தக் கதவு முதல் அளவில் கால்வாசிகூட வராது. தூரம் போகப்போகக் கூரைக்கோடு கீழே இறங்கும், வாசல்கோடு மேலே ஏறும், இரண்டும் எங்கோ ஒரு புள்ளியில் போய் முட்டும். ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் பத்து அறைகளை வைத்துக்கொண்டு இதை விளக்குவதைப்போல் வசதி வேறெந்தக் கட்டடத்திலும் கிடையாது என்று அவள் தன் பாடக்குறிப்பில் எழுதியிருந்தாள்.

பிள்ளைகள் அளந்தார்கள், தலையாட்டினார்கள், நம்பவில்லை. எல்லாக் காம்பராவும் ஒரே அளவுதானே என்று ஒருவன் கேட்டான். பத்தாவது காம்பராவில் குடியிருக்கும் வீரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"எங்க காம்பரா ஒண்ணும் சின்னதில்லீங்க டீச்சர்."

"அது காம்பரா இல்லடி, எலி வளை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நாகலெட்சுமியும் சிரித்தாள்.

அவள் ஆசிரியர் கலாசாலையில் இரண்டாம் வருடம். சித்திரம் அவளுடைய விசேட பாடம். ஹட்டனுக்கு அப்பால் மலைமுகட்டிலிருந்த இந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறு வாரம் படிப்பித்துக் காட்ட வேண்டும். கடைசி வாரம் கலாசாலையிலிருந்து விரிவுரையாளர் வந்து பார்த்துப் புள்ளி போடுவார். அதில் தவறினால் நியமனம் இல்லை. நியமனம் இல்லையென்றால் நானுஓயாப் பக்கத்து லயத்துக்குத் திரும்பி, அம்மாவோடு கூடையை மாட்டிக்கொண்டு விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்க வேண்டும். அப்பாவுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்திருந்ததால்தான் அவளால் கலாசாலை வாசலையே மிதிக்க முடிந்தது. தானும் லயத்தில் பிறந்தவள் என்பதை அவள் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்றில்லை, சேலையைக் கொசுவி உடுத்திக் குடையோடு பஸ்ஸில் வந்து இறங்கியவளை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் வர்ணம் கிடையாது. அவளே செய்தாள். மண்வெட்டி பட்ட மேட்டிலிருந்து செம்மண்ணை எடுத்துக் கரைத்து, துணியில் வடித்து, கோதுமைமாக் கஞ்சியில் குழைத்தால் கூரைத் தகரத்தின் துருநிறம் வரும். மஞ்சளில் கொஞ்சம் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது கறுப்பு. தேயிலைத்தூளைச் சுண்டக் காய்ச்சி, துருப்பிடித்த ஆணிகள் ஒரு வாரம் ஊறிய தண்ணீரை அதில் சொட்டுச் சொட்டாக விட்டால், கண்முன்னாலேயே சாயம் கறுத்து மையாகிவிடும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அப்படி ஆகிறது, பிறகு என்ன கழுவினாலும் பிரியாது என்று அவள் விளக்கியபோது, பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு தகர டின்னையே பார்த்தார்கள். நம் தோட்டத்துக் கொழுந்துக்குள் இவ்வளவு கறுப்பு இருக்கிறதா என்று.

நாலாம் வாரம், அவரவர் வீட்டை வரையச் சொன்னாள். மற்றவர்கள் கஷ்டப்பட்டுக் கோடுகளைப் புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வீரம்மா தாள் முழுவதும் தன் காம்பராவை மட்டும் வரைந்தாள். சுவரே இல்லை. அடுப்பு, மேலே விறகு அடுக்கும் பரண், கொடியில் அம்மா இடுப்பில் கட்டும் படங்குச்சாக்கு, மூலையில் கூடை. பரணில் விறகுக்குப் பதிலாக ஓர் ஆள் முழங்காலை மடித்துப் படுத்திருந்தான். அதைக் கையில் வாங்கியபோது நாகலெட்சுமிக்கு உடம்பு சிலிர்த்தது. கலாசாலையில் படித்தது இதைத்தான். சின்னப் பிள்ளை கண்ணால் காண்பதை வரையாது, அறிந்ததை வரையும்; சுவர் அதற்குத் தடையே இல்லை. புத்தகத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படங்களைத்தான் பார்த்திருந்தாள். இது உண்மையில் தன் வகுப்பிலேயே முளைத்திருக்கிறது.

படத்தைப் பற்றிப் பிள்ளை சொல்வதை அதே வார்த்தைகளில் கீழே எழுதிவைக்க வேண்டும் என்பது கலாசாலை வழக்கம். பரணில் யாரென்று கேட்டாள். வீரம்மா சற்றுத் தயங்கிவிட்டு, மாமா என்றாள். அப்புறம் டீச்சரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சொன்னாள். நாகலெட்சுமி தேயிலை மையைத் தொட்டு அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'எங்க மாமா. பகல்ல கீழ எறங்கமாட்டாரு.'

லயத்தில் பிறந்தவளுக்கு விஷயம் விளங்க அந்த வரி போதுமானதாக இருந்திருக்க வேண்டும். அவள் எழுத்துகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரிவுரையாளர் துரைராசா வந்த அன்று, தோட்டத்து மரியாதைக்காகக் கண்டாக்கையாவும் கூடவே வந்தார். கண்டாக்கு என்றால் வெளிவேலை முழுவதற்கும் பொறுப்பானவர். லயத்தில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்பது அவர் வாயில் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த படங்களை இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நாகலெட்சுமி தற்செயலாக வீரம்மாவின் பக்கம் திரும்பினாள். பிள்ளை சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்டாக்கையாவின் காலில் இருந்த சப்பாத்தையே பார்த்தபடி இருந்தது. நாகலெட்சுமிக்குத் தான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. போய்ப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"கொஞ்சம் விலகி நில்லும் பிள்ளை," என்றார் துரைராசா. "உது ஆர் கீறினது? நல்லாயிருக்கு. ஏன் இந்தப் பிள்ளை சுவரை விட்டிட்டு உள்ளுக்க இருக்கிறதைக் கீறியிருக்கு? சொல்லும் பாப்பம்."

அவள் சொன்னாள். ஆறு வாரமாக மனப்பாடமாயிருந்தது வாயில் வந்து நின்றது. விரிவுரையாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தலையாட்டினார். கண்டாக்கையா குனிந்து, கீழே இருந்த வரியை விரல் வைத்து வாசித்தார். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டார்.

"அப்ப, இதுக இல்லாதத வரையாதுங்களா டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது. ஒன்று பொய். பிள்ளைகள் கண்டதையெல்லாம் கிறுக்கும் என்று சிரித்துவிட்டிருக்கலாம். துரைராசாவின் பேனா காத்துக்கொண்டிருந்தது.

"இந்த வயசுல இல்லாதத வரையாதுங்கய்யா," என்றாள் நாகலெட்சுமி. "இருக்கிறதத்தான் வரையும்."

"நல்ல படிப்பு," என்று சொல்லிவிட்டு, தோட்டத்துத் தொரைக்குக் காட்ட வேண்டும் என்று கண்டாக்கையா படத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை, ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு, காவற்காரனும் இரண்டு பொலிஸ்காரரும் பத்தாவது காம்பராவுக்குப் போனார்கள். கினிகத்தேனைப் பக்கத் தோட்டமொன்றில் வேலைநிறுத்தம் நடந்தபோது துரை பங்களாவுக்குக் கல்லெறிந்ததாகத் தேடப்பட்ட நல்லமுத்துவைப் பரணிலிருந்து இறக்கினார்கள். நாற்பது நாளாக மடக்கியே வைத்திருந்த கால் நிற்கவில்லை; இரண்டு பேர் தோளில் கைபோட்டுத் தூக்கிப்போனார்கள். அனுமதியில்லாத ஆளை வைத்திருந்ததற்காக அவனுடைய அக்காவும் வீரம்மாவின் அம்மாவுமான அழகம்மாவுக்குப் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டு கையில் வந்தால் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. மாலைக்குள் தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும்.

நாகலெட்சுமி போனபோது அழகம்மா சட்டிபானையைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா என்று ஆரம்பித்து, நானும் லயத்துப் பிள்ளைதான், இப்படி ஆகுமென்று நினைக்கவில்லை என்று அழுதாள். அழகம்மா முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"லயத்துப் புள்ளயா? நாங்க யாரோ டவுன்காரப் புள்ள, வெவரந் தெரியலன்னுல்ல நெனச்சோம்."

வெளியே வந்ததும், வீரம்மா வெறுங்காம்பராவின் கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியை மாட்டிவிட்டு, அம்மாவின் பின்னால் நடந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் துரைராசாவிடமிருந்து கடிதம் வந்தது. அந்த வருடத்தில் தான் பார்த்த பாடங்களில் அதுவே சிறந்தது என்றும், சுவரில்லாத வீட்டுப் படத்தைத் தோட்டத்துரையிடமிருந்து திரும்ப வாங்கிக் கலாசாலைக் கண்காட்சிக்கு அனுப்பிவைக்கும்படியும் எழுதியிருந்தார். அவள் அதை மடித்துப் பாடக்குறிப்புக்குள் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். கடைசி நாள். என்ன வேண்டுமானாலும் வரையுங்கள் என்றாள்.

தாளில் தூரிகை போகும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்க்கவில்லை. முடிந்ததும் வரிசையாக வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் லயத்தை வரைந்திருந்தார்கள். கூரைக்கோடு இறங்கியது, வாசல்கோடு ஏறியது, பிசகில்லாமல் இரண்டும் புள்ளியில் போய்ச் சேர்ந்தன. கடைசியில் நின்ற பிள்ளையிடம் அவள் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, கீழே என்ன எழுத, உள்ளே யார் இருக்காங்க என்று கேட்டாள்.

"யாருமில்லீங்க டீச்சர்."

மேசையில் முப்பத்தொரு லயம் இருந்தது. ஒன்றிலும் ஆள் இல்லை, புகை இல்லை. பத்துக் கதவும் சாத்தி, தேயிலை மையை இரண்டு தடவை பூசியிருந்தார்கள். முதல் கதவு விரல் நீளத்துக்கு, அடுத்தது அதைவிடக் குறைந்து, அதற்கடுத்தது இன்னும் குறைந்து, பத்தாவது கதவு இன்னும் காயாத ஒரு கறுப்புப் பொட்டாக நின்றது.