படிக்கட்டு நகரத்தில் ஒரு நொண்டி ஆடு

சின்ன வயதில் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, மாத்திரை விழுங்க வைப்பதற்காக அக்கா கதையாகக் கட்டிய ஊர் அது. முழுக்கப் படிக்கட்டுகளாலான நகரம். அங்கே பசி இல்லை, சண்டை இல்லை, விலங்குகளும் இல்லை. வளர்ந்தபின் அதைப் புத்தகமாக எழுதினாள். படித்தவர்கள் ஞாயிறுதோறும் டயர் கடை மாடியில் கூடினார்கள். முந்தின இரவு கனவில் அந்த நகரத்தில் பார்த்ததை ஒவ்வொருவராகச் சொல்வார்கள். போகப்போக எல்லோருக்கும் ஒரே கனவு. எட்டு மாதமாக அக்கா வீட்டுக்கு வராமல் அந்த மாடியிலேயே தங்கிவிட்டாள்.

“நீ கூப்பிட்டா வருவாடீ,” என்று அம்மா என்னை அனுப்பினாள்.

நான் பொய் சொன்னால் அக்கா முதல் சொல்லிலேயே பிடித்துவிடுவாள். “புளுகுமூட்டை!” என்று தலையில் குட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வந்தால் போதும், வீட்டுக்கு இழுத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு, மாடியில் கனவு சொல்ல என் முறை வந்தது.

“மேல்படியில ஒரு ஆடு நின்னுச்சு. நொண்டி ஆடு.”

கனவுகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் பேனாவை நிறுத்தினார். அக்காவின் உதட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லவேளை நீ சொன்னேம்மா,” என்றார் தையல்காரர். “நானும் பார்த்தேன். எனக்கு மட்டும்தான் தெரியுதோன்னு வாயை மூடிட்டு இருந்தேன்.”

“தாடி வச்ச ஆடுதானே?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“எந்த ஆட்டுக்குய்யா தாடி இல்ல?” என்றார் தையல்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“எந்தக் கால்டீ நொண்டி?” என்று கேட்டாள். குரலில் அப்படியொரு தாகம்.

“இடது... முன்னங்கால்.”

நெடுமூச்சு விட்டாள். “எனக்கும் இடதுதான்.”

நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். போய் உட்கார்ந்தேன். “என்னைக்காவது நீயும் அங்க வருவேன்னு எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா?” என்று காதருகே சொன்னாள். பொய்யக்கா, எல்லாம் பொய், வீட்டுக்குப் போகலாம் வா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் விரல்கள் என் விரல்களோடு கோத்துக்கொண்டன. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் கை. நான் சொல்லவில்லை.

அடுத்தவர் தன் கனவைத் தொடங்கினார். அதில் இரண்டு ஆடுகள் இருந்தன. அக்கா கண்ணை மூடித் தலையசைத்துக் கேட்டாள். நான் அவ்வளவு அருகில் உட்கார்ந்து, அவள் எப்போது என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன்.