வாசலில் விட்ட இடது ஷூ

பட்டறைக்குள் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு வரக் கூடாது. முதலாளியின் சட்டம் அது. வார்னிஷ் காயாத மரத்தில் தெருத்தூசி படிந்துவிட்டால் மனுஷன் இரண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். அதனால் வாசலில் ஒரு மரத்தட்டு. வருகிறவர்கள் எல்லாரும் அதில் கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வர வேண்டும்.

உள்ளே இசைக்கருவிகளைப் பிரித்துப் பூட்டுகிற வேலை டிகிரியுடையது. இயந்திரப் பொறியியல் படித்தவள், அவள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். முதலாளி கிண்டலாக 'டிகிரி' என்று கூப்பிடப் போய் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் நிற்கும். "பொம்பளப் பிள்ளை ஸ்பேனர் பிடிச்சா நட்டு ஒழுங்கா இறுகுமா?" என்று கேட்ட ஒருவரிடம், "உங்க வாயில வெச்சுப் பாத்துடலாமா?" என்று கேட்டவள். அந்த ஆள் திரும்பி வரவே இல்லை.

தபால் அக்கா ஒரு திங்கட்கிழமை மதியம் வந்தார். தபால் நிலையத்துக் கவுண்டரில் உட்காருகிறவர், நாற்பது வயது இருக்கும். வேன்காரர் பின்னாலேயே பெரிய பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார். பெடல் ஸ்டீல் கிட்டார். சாதாரணக் கிட்டார் போல இதை மார்போடு அணைக்க முடியாது. நாலு காலில் மேசை மாதிரி நிற்கும். பத்துக் கம்பி. இடது கை ஒரு இரும்புத்தடியைக் கம்பிமேல் நகர்த்தும், வலது கை மீட்டும். கீழே மூன்று பெடல், இடது பாதத்துக்கு. முழங்கால்களை ஒட்டி லிவர்கள். மிதித்தால் சில கம்பிகள் இறுகும், முழங்காலால் தள்ளினால் சில தளரும். எந்தக் கால் எந்தக் கம்பியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை ஆளுக்குத் தகுந்தபடி கட்டிக் கொடுக்க வேண்டும்.

"முதல்ல ட்யூனிங் சொல்லுங்கக்கா. ஈ நைனா, சி சிக்ஸா?"

"எது எனக்கு நல்லது?"

"அழுற பாட்டுக்கு ஈ நைன். ஆடுற பாட்டுக்கு சி சிக்ஸ்."

"எங்க மாஸ்டர் ஆடுற பாட்டையும் அழ வெச்சுத்தான் விடுவாரு. ஈ நைனே போடும்மா."

முதலாளி உள்ளிருந்து சிரித்தார். டிகிரிகூடச் சிரித்துவிட்டாள்.

மாஸ்டர் என்பவர் அக்கா வாசிக்கிற பேண்டின் தலைவர். அதுவரை அக்கா பெடல் இல்லாத ஸ்டீல் கிட்டாரை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். இனிமேல் பெடல் ஸ்டீல்தான் வேண்டும், மூன்று மாதத்தில் பழகிக்கொள், இல்லாவிட்டால் அந்த நாற்காலி என் மச்சானுக்கு என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். மச்சான் ஏற்கெனவே கீபோர்டோடு ஒத்திகைக்கு வந்து, சுவரோரம் உட்கார்ந்து, அக்காவின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

"பதினாறு வருஷமா உக்காந்த எடம்மா அது," என்றார் அக்கா. "அது போச்சுன்னா ஸ்டாம்பும் சீலும்தான் மிச்சம்."

டிகிரி கருவியின் அடியில் தலையை விட்டாள். வேலை என்று வந்தால் அவள் கண் அங்கேதான் இருக்கும். மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இரண்டாம் பட்சம். பெடல்களை எல்லாரும் வைக்கிற வரிசையில் வைத்தாள்: இடமிருந்து ஏ, பி, சி. இடது முழங்காலுக்கு நேர் மேலே ஒரு லிவர். முழங்காலைத் தூக்கினால் ஐந்தாம் கம்பி அரைச்சுரம் இறங்கும். அக்கா ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்து, கால்விரல் நுனியால் பெடலை எட்டினார்.

"நல்லா உள்ள தள்ளி உக்காருங்கக்கா."

"எட்டலம்மா."

டிகிரி பெடல்களை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். எட்டியது. பிரச்சினை தீர்ந்தது என்று துணியால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தார்.

"ஐஞ்சாவது கம்பி எப்பவும் எறங்கியே நிக்குது. நான் ஒண்ணுமே பண்ணல, தானா அழுவுது."

டிகிரி ட்யூனரை மாட்டினாள். அக்காவை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னாள். ஐந்தாம் கம்பி சுத்தமாகப் பேசியது.

"இப்ப அழுவுதா?"

"இல்ல."

"அப்புறம்?"

"வீட்டுல அழுவுது. ஒத்திகையிலயும் அழுவுது."

"கம்பிக்கு எடம் பாத்து அழத் தெரியாதுக்கா."

அக்கா கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு. ஏ, பி ரெண்டையும் மிதிச்சிட்டு, ஏ-ய மட்டும் வெச்சுக்கிட்டு பி-ய விடணும்னா பாதத்த வெளிப்பக்கமா சாய்க்கணும். எனக்கு சாய மாட்டேங்குது."

"எல்லாருக்கும் சாயுது. தினமும் வாசிக்கிறீங்களா, இல்ல துணி போட்டு மூடி வெச்சிருக்கீங்களா?"

கேட்டபிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் விட்ட சொல்லைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அக்கா, "வாசிக்கிறேன்மா," என்றார். அவ்வளவுதான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாலே எட்டில் வாசலுக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதமும் முடிகிற நேரத்தில் வந்தவர், உட்காரவே இல்லை.

"இத வித்துக் குடுத்துடும்மா. மச்சான் நேத்து என் நாற்காலியில உக்காந்து பாத்துட்டான். ஒசரம் சரியா இருக்காம்."

முதலாளிக்கு முகம் மலர்ந்தது. "குடுத்துடலாம், ஆள் இருக்கு."

டிகிரிக்கு யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாஸ்டர்மேல், மச்சான்மேல், இப்படி லேசாகக் கைவிட்டுவிட்ட அக்காமேலும். வாயைத் திறந்தால் அசிங்கமாகிவிடும் என்று ஸ்பேனரைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். தன் செருப்பைத் தேடிக் கால் துழாவியபோது, தட்டில் இருந்த கறுப்பு ஷூ கவிழ்ந்தது.

குனிந்து எடுத்தாள். கனத்தது. இடது ஷூவின் அடி வலதைவிட இரண்டு விரற்கடை தடிமன், தனியாக ஒட்டித் தைத்த அடி. திருப்பிப் பார்த்தாள். உள்விளிம்பு சாய்வாகத் தேய்ந்து வழுவழுத்துக் கிடந்தது. வெளிவிளிம்பில் தையல்கூட மங்கவில்லை, கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததுபோல.

மூன்று முறை இந்த ஷூ இதே தட்டில் கிடந்திருக்கிறது. ஒரு முறைகூட அவள் பார்க்கவில்லை.

ஷூவைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தாள்.

"அக்கா, வாசிக்கும்போது இதப் போட்டுக்கிட்டா வாசிப்பீங்க?"

அக்காவின் முகம் சிவந்தது. "பின்ன? அது இல்லாம என்னால நேரா உக்காரவே முடியாதேம்மா."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"வெளிய விட்டுட்டு வரச் சொன்னீங்க. விட்டுட்டு வந்தேன்."

டிகிரிக்குத் தன் அப்பா ஞாபகம் வந்தது. மூட்டை தூக்குகிறவர். அவள் படிப்புக் கடனுக்காக வங்கிக்குப் போனபோது, யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். "ஏன்ப்பா?" என்றதற்கு, "தரை பளபளன்னு இருந்துச்சே," என்றார். அன்று முழுக்க அவள் அந்தத் தரையைத் திட்டிக்கொண்டிருந்தாள். இங்கே எட்டு வாரமாக ஒரு பெண் நொண்டி நொண்டி உள்ளே வந்து போயிருக்கிறாள். இவள் அவளிடம் தினமும் வாசிக்கிறாயா என்று கேட்டிருக்கிறாள்.

"போட்டுக்கிட்டு உள்ள வாங்கக்கா."

"ஏம்மா டிகிரி! தரை!" என்று முதலாளி அலறினார்.

"நானே கூட்டி விடறேன் சார். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அக்கா ஷூவோடு உட்கார்ந்தார். டிகிரி முழங்காலுக்கும் மேல் லிவருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். விரல் என்ன, காகிதம்கூட நுழையாது. ஷூ உயர்த்திய முழங்கால் லிவரை எந்நேரமும் முட்டிக்கொண்டிருந்தது. மீட்டினாள். ஐந்தாம் கம்பி அரைச்சுரம் இறங்கி அழுதது.

"நீங்க சொன்னது நெசம்க்கா," என்றாள். "மன்னிச்சிடுங்க."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெண் வாயில் அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை.

இரண்டு நாள் வேலை. கருவியின் கால்களை உயர்த்தினாள், பெடல்களை இறக்கினாள். முழங்காலுக்கு மேலிருந்த லிவரைக் கழற்றி அதன் வேலையை வலது முழங்காலுக்குக் கொடுத்தாள். ட்யூனிங்கைத் தொடவில்லை, தப்பு அதில் இல்லை. கடைசியில் பெடல் வரிசையைத் திருப்பினாள்: சி, பி, ஏ. இப்போது ஏ உள்பக்கம். ஏ-யை மட்டும் பிடிக்கப் பாதம் உள்ளே சாய்ந்தால் போதும், அந்த ஷூ தானாகச் சாய்கிற பக்கம் அது. ஏ-யோடு சேர்த்து முழங்காலால் தள்ளுகிற லிவரையும் அதே திசைக்கு மாற்றினாள்.

"பி மட்டும் தனியா வர்ற எடத்துல?" என்றார் அக்கா.

"காலத் தூக்கி வைக்கணும். அது கஷ்டம்தான். பொய் சொல்ல மாட்டேன்."

"அத நான் பாத்துக்கறேன்," என்றார் அக்கா. அன்றைக்கு அவர் கருவியைவிட்டு எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆனது.

மூன்று மாதக் கெடு முடிகிற கடைசி ஒத்திகைக்கு டிகிரியும் போனாள். மண்டப வாசலில் நின்றாள். மச்சான் கீபோர்டைத் திறந்து தயாராக வைத்திருந்தான். மாஸ்டர் கையை அசைத்தார். முதல் அடியிலேயே அக்கா பழைய வரிசை நினைப்பில் சி-யை மிதித்துவிட, சுரம் எங்கேயோ போய் இடித்தது. மச்சான் சிரித்தான்.

"மறுபடி," என்றார் மாஸ்டர்.

அக்கா குனிந்து தன் இடது ஷூவை ஒரு தடவை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. பாதம் உள்ளே சாய்ந்தது, இரும்புத்தடி நழுவியது, இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்தன. நடுவில் காலைத் தூக்கிவைத்த இடத்தில் கொஞ்சம் பிந்தியது. டிரம்காரர் அவருக்காகக் கையைத் தாமதித்தார். ஐந்தாம் கம்பி கடைசிவரை ஒழுங்காக நின்றது.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் யாரையும் பார்க்காமல், "மச்சான், அந்தக் கீபோர்டு வயரச் சுத்தி வை. நடக்கறவங்களுக்குத் தடுக்குது," என்றார்.

அக்கா அப்போதுதான் வாசலைக் கவனித்தார். டிகிரி பழக்கதோஷத்தில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா அங்கயே நிக்கற?" என்று கூப்பிட்டார். "போட்டுக்கிட்டே உள்ள வா."