நான்கு தாளிலும் பத்துக்குப் பத்து

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பெரியவள் அந்த வீட்டில் "உன் இஷ்டம்" என்ற வார்த்தையைப் பதினேழு முறை கேட்டுவிட்டாள். அம்மா ஒன்பது, அப்பா ஐந்து, தம்பி மூன்று. தம்பி மனைவி "உங்க இஷ்டம் அண்ணி" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அவள் கேட்டது ஒரே கேள்விதான். ஊரோடு வந்துவிடவா, வேண்டாமா?

நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தின் கொள்முதல் பிரிவில் அவளுக்கு வேலை. கையுறையிலிருந்து ஸ்கேன் இயந்திரம் வரை அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் உள்ளே நுழையாது. இப்போது அந்தப் பிரிவுக்கே தலைமைப் பொறுப்பு தருகிறோம் என்கிறார்கள். சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பு, கார், பதினான்காவது மாடியில் வீடு. ஆனால் ஐந்து வருடத்துக்கு அசையக்கூடாது, எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தச் சின்ன ஊரிலோ, அப்பா அம்மா வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பால் பதனிடும் நிலையத்தில், ஒரு கொள்முதல் அதிகாரி வேலை காலியாக இருந்தது. இப்போது அவள் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு சம்பளம். இரண்டு பக்கமும் திங்கட்கிழமை காலை பத்து மணி வரைதான் பொறுப்பார்கள்.

அதற்காகத்தான் சனிக்கிழமை விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்து ஓடி வந்தாள். எத்தனையோ பெரிய வியாபாரிகளை மடக்கிப் படியவைத்தவளுக்கு, இந்த நான்கு பேரிடமிருந்து ஒரு நேரான பதிலை வாங்க முடியவில்லை.

"எங்களைப் பத்தி யோசிக்காத. நாங்க எப்படியோ இருந்துக்குவோம்" என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா.

"எப்படியோன்னா எப்படி?"

"எப்படியோதான். இதுக்கெல்லாமா விளக்கம் கேப்பாங்க?"

அப்பா முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எப்பேர்ப்பட்ட நெரிசலிலும் வண்டியை நுழைத்து வெளியே எடுத்துவிடுகிற மனிதர், மகள் ஒரு கேள்வி கேட்டதும் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

"அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்."

"நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வந்து நிக்கறேன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். உன் இஷ்டம்."

இப்படிப்பட்டவர்களோடு எவ்வளவு நேரம்தான் பொறுமையாக இருக்க முடியும்? பார்த்ததற்கெல்லாம் அவளுக்கு எரிச்சல் வந்தது. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. பின்கதவைத் திறந்தால் தரையில் உரசி ஊரைக் கூட்டியது. மாடிப்படி விளக்கின் சுவிட்சைப் போட வேண்டுமானால் கதவைச் சாத்திவிட்டு அதன் பின்னால் தடவ வேண்டும். "எந்தப் புண்ணியவான் இதை இங்க வச்சான்?" என்று கேட்டாள். வைத்தது அப்பாதான். வாசலை அடைத்தபடி தன் கூரியர் வேனை நிறுத்தியிருந்த தம்பிக்கும் ஒரு பாட்டு விழுந்தது. அம்மா அடுப்பு மேடையில் மருந்துப் பெட்டியையும் உப்பு ஜாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது கண்ணில் பட்டதும் அதற்கும் கால் மணி நேரம் திட்டினாள். ஒவ்வொரு திட்டுக்கும் அந்தந்த முகம் கொஞ்சம் வாடியது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். வாயைத் திறக்கமாட்டார்கள் அல்லவா? எழுத வைத்துவிடலாம். அலுவலகத்தில் அதுதான் முறை. எந்தப் பொருளை யாரிடம் வாங்குவது என்று ஐந்து பேர் தனித்தனியாக உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். பெயர் எழுதக்கூடாது, கலந்து பேசக்கூடாது. அப்போதுதான் ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் மாற்றிப் போடமாட்டார்.

ஸ்கேலை வைத்து நான்கு தாளில் கோடு போட்டாள். ஒரு கட்டத்தில் "நகரம்", இன்னொன்றில் "வீடு". இரண்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும்.

"உங்க மனசுல இருக்கறதை மட்டும் போடுங்க. என்னைப் பாக்காதீங்க."

"என்னக்கா இது, பரீட்சை மாதிரி?" என்றான் தம்பி.

"வாயை மூடிட்டு எழுதுடா."

அம்மா தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்பா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தம்பி வேனில் ஏறி உட்கார்ந்தான். உள்ளூர் மருத்துவமனையில் காலை ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்த தம்பி மனைவி, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல், சுவரில் தாளை வைத்து நின்றபடியே எழுதினாள். நான்கும் மடிக்கப்பட்டு ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் விழுந்தன.

பெரியவள் டப்பாவை அறைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்தாள். நகரத்துக்குப் பத்து. அடுத்த தாள், பத்து. மூன்றாவதும் பத்து, நான்காவதும் பத்து. வீட்டுக்கு மூன்று, இரண்டு, இரண்டு, கடைசியாக ஒரு பூஜ்யம். பெயர் இல்லாவிட்டால் என்ன, முட்டை மாதிரி அப்படிக் கொழுகொழுவென்று பூஜ்யம் போடுவது இந்த வீட்டில் அம்மா மட்டும்தான்.

அழுகை வரும் என்று நினைத்தாள், கோபம்தான் வந்தது. பெற்றவளே பூஜ்யம் போட்டிருக்கிறாள்! பையை எடுத்து அகப்பட்ட துணியையெல்லாம் திணித்தாள். ஈரத் துண்டும் உள்ளே போயிற்று. பையோடு கூடத்துக்கு வந்து தாள்களை மேசைமேல் வீசினாள்.

"ரொம்ப சந்தோஷம். நீ வர வேணாம்னு நேத்தே வாயால சொல்லியிருந்தா நேத்தே கெளம்பியிருப்பேன்ல?"

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் என்ன போட்டார்கள் என்பது அவர்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"நீயுமா பத்து போட்ட?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

"உனக்குப் புடிச்சதைத்தானேடி போட்டோம்" என்றாள் அம்மா, மகளைப் பார்த்து.

"எனக்குப் புடிச்சதை யாரு கேட்டா? உங்க மனசுல இருக்கறதைத்தானே கேட்டேன்?"

"என் மனசுல இருக்கறதைப் போட்டா நீ எனக்காக வந்துடுவ. வந்துட்டுப் புழுங்குவ. அதை நான் பாக்கணுமா?"

"நான் புழுங்குவேன்னு உனக்கு யார் சொன்னது?"

தம்பி தொண்டையைச் செருமினான். "நீதான்க்கா. வந்த நேரத்துல இருந்து குழாய் சரியில்ல, கதவு சரியில்ல, சுவிட்ச் சரியில்ல, என் வண்டி சரியில்ல. இந்த வீட்டுல உனக்குப் புடிச்சதா ஒண்ணுகூட இல்ல. அதான்..."

"போன தடவையெல்லாம் நீங்க ஒரு குறைகூடச் சொன்னதில்ல அண்ணி" என்றாள் தம்பி மனைவி மெதுவாக. "எல்லாம் நல்லா இருக்குன்னு சிரிச்சுட்டே போவீங்க. இந்தத் தடவை ரொம்ப வெறுத்துட்டீங்கன்னு நெனச்சோம்."

பெரியவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"உங்களுக்கெல்லாம் புத்தி எங்க போச்சு? போன தடவை நான் ரெண்டு நாள் விருந்தாளி! கதவு உரசினா எனக்கென்ன, உரசிட்டுப் போகட்டும்னு விட்டேன். தெனம் அந்தக் கதவைத் தெறந்து மூடப் போறவளுக்குத்தானே எரிச்சல் வரும்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. பத்து நாளாக ராத்திரி பகலாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட விஷயம். ஊரெல்லாம் கருத்துக் கேட்டு, கோடு போட்டு, டப்பா வைத்து வாக்கெடுப்பு நடத்திய விஷயம். அவள் நேற்று காலையிலேயே இந்த வீட்டில் குடியேறி, குறை சொல்ல ஆரம்பித்திருந்தாள். பையைக் கீழே வைத்தாள்.

அப்பாதான் தொடங்கினார்.

"அவசரப்படாத. மூணுல ஒரு பங்கு சம்பளம். அந்தப் பதவி அப்புறம் திரும்பி வராது. ஆறு மாசம் கழிச்சு ஒரு கஷ்டம்னா உங்களாலதான் எல்லாத்தையும் விட்டேன்னு எங்களைத் திட்டுவ."

"திட்டுவேன்."

"வாய்க்கு வந்தபடி திட்டுவ. எனக்குத் தெரியாதா உன்னை?"

"ஆமாம்ப்பா, தெனம் திட்டுவேன். அங்க எனக்குத் திட்டறதுக்கு யாரு இருக்கா? பதினாலாவது மாடியில உக்காந்துக்கிட்டு யாரைத் திட்டுவேன்?" அவள் குரல் உடைந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அம்மா எழுந்து வந்து பையின் ஜிப்பைத் திறந்தாள். துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஈரத் துண்டைப் பார்த்ததும் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"வந்து திட்டு. நல்லா திட்டு. எட்டு வருஷமா போன்ல 'நல்லா இருக்கேன்மா, நல்லா இருக்கேன்மா'ன்னு நீ சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு."