ஏழாவது நிமிடம்

...முகம் லட்சணமாக இருந்தால் போதுமா, கணக்கு சொல்லித்தர வேண்டாமா, என்று கறுவிக்கொண்டே கணக்கு டீச்சர் மதிப்பெண் தாளை இழுத்துவைத்தாள், ஒரே பாடத்தை இரண்டு பேர் வீடியோ எடுப்பதாம், ஒருத்தியுடையதற்கு மற்றவள் மார்க் போடுவதாம், ஜெயித்தது எல்லாப் பள்ளிக்கும் போகுமாம், பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த புண்ணியவான் யாரோ... பக்கத்து மேஜைக்காரி வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வகுப்பில் "அந்த மிஸ் வீடியோவே போடுங்க மிஸ்" என்று கூச்சல், பதினாறு வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவளை ஒரு பிள்ளையாவது அப்படிக் கேட்டதுண்டா? வயிறு எரிந்தது, மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது. அதே வகுப்பில் படிக்கும் பெற்ற மகளே நேற்று சாப்பிடும்போது, "நீ தப்பே பண்ண மாட்டியாம்மா?" என்றாள், "பன்னெண்டு தடவை எடுத்தேன்டி, நாக்கு குழறின இடத்தையெல்லாம் வெட்டிட்டேன்" என்று இவள் பூரித்துப்போனாள், அது பாராட்டுத்தானே, வேறென்ன?

பிள்ளைகள் எங்கெங்கே பின்னால் தள்ளிப் பார்த்தார்கள் என்று கணினி கோடு போட்டுக் காட்டியது, இவளுடைய கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, அத்தனை தெளிவு! அவளுடையதில் ஏழாவது நிமிடத்தில் ஒரு மலை... நாற்பதில் முப்பத்தொரு பேர், மாட்டிக்கொண்டாயா, புரியாமல்தானே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள், தெளிவுக்குப் பத்துக்கு மூன்று என்று எழுதப்போனவள், எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று ஓடவிட்டாள். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் இடம், இரண்டாவதைப் புரட்ட வேண்டியவள் முதலாவதைப் புரட்டிவிட்டாள், விடை இடித்தது, "அய்யய்யோ, எங்கயோ சொதப்பிட்டேன், இருங்க, சேர்ந்தே தேடுவோம்" என்று கன்னத்தில் மையோடு பலகையில் விரல்வைத்து வரிவரியாகப் பின்னால் போனாள். இதைப் போய் வெட்டாமல் விடுவாளா ஒருத்தி? சிரிக்கத்தான் பார்த்திருக்கும் வானரங்கள்... ஆனால் தேர்வில் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டதும் அதே முப்பத்தொரு பேர்தான், இவள் மகளும் அதில் ஒருத்தி.

"அக்கா, முடிச்சிட்டீங்களா?" பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு பத்துக்கு பத்து போட்டுட்டேன்க்கா, ஒரு தப்பு இல்ல. நான்தான், ஏழாவது நிமிஷத்த வெட்ட மறந்தே போயிட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி எடுத்துடட்டுமா?" அடிப்பாவி, உனக்கே தெரியாதா... எடுத்துடு என்று ஒரே ஒரு சொல், பொய்கூட இல்லை, யாருமே சொல்லக்கூடிய யோசனை, நாக்கு நுனியில் வந்து நின்றது. விரல் என்னவோ நான்காவது தடவையாக அந்த ஏழாவது நிமிடத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது.